ஏணிப் பாட்டு

மலாயாவின் கெடாவில், பாடாங் செராய்க்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் முள்கம்பி வேலி போட்டபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு மழைக்காலம்தான் போயிருந்தது. அதுவரை லயங்கள் என்கிற எங்கள் வரிசை வீடுகள் ரப்பர் மரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. காட்டோரமாக இருந்த வீடுகளையெல்லாம் பிரித்து, எல்லோரையும் ஆபீசுக்கு எதிரே இருந்த மேட்டில் கொண்டுவந்து நெருக்கி வைத்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் கையிலிருந்து ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்பதற்காக அந்த வேலி. அவசரகாலம் என்றார்கள். வரும்போது அவசரமாகத்தான் வந்தது. போவதற்கு அதற்கு அவசரமே இல்லை.

என் கால்களுக்கு அது பெரிய தண்டனை. கல்யாணத்துக்கு முன்பு நான் போகாத தோட்டம் கிடையாது. நலுங்குக்குப் பாட, திருவிழாவில் கும்மி தட்ட, சாவு வீட்டில் ஒப்பாரி வைக்க என்று எங்கிருந்தாவது ஆள் வரும். லோரியோ மாட்டுவண்டியோ நடையோ, ஏதோ ஒன்றில் போய்விடுவேன். பாடுவதில் இருந்த ஆசையில் பாதி, போவதில் இருந்த ஆசைதான். வேலி வந்த பிறகு சாயங்காலம் கேட்டைச் சாத்தினால் காலையில்தான் திறப்பு. நான் சோறு ஆக்கிவிட்டு வாசலுக்கு வருவேன், உள்ளே போவேன், மறுபடியும் வருவேன். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆலையில் ரப்பர் ஷீட் உருட்டும் வேலையில் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவருக்கே பொறுக்கவில்லை.

"ஒரு எடத்துல உக்காரேன். ஒன்னையப் பாத்தா எனக்குத் தல சுத்துது."

"உக்காந்தா மூச்சு முட்டுதுங்க."

"எல்லாருந்தான் உள்ள இருக்கோம்."

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் முட்டியது.

காலையில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். சோறு கொண்டுபோகக் கூடாது. தூக்குச்சட்டியில் தேத்தண்ணீர் மட்டும், அதுவும் சீனி இல்லாமல். ஆண்களைக் காவலர்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களுக்கு ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். அவள் கொண்டையை அவிழ்க்கச் சொல்வாள், முந்தானையை உதறச் சொல்வாள், தேத்தண்ணீரை மூடியில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கெட்டவள் இல்லை. எங்கள் முகத்தைப் பார்க்காமல்தான் எல்லாவற்றையும் செய்வாள். ஆனால் வரிசை நகராது. வெயில் ஏற ஏறப் பால் குறைந்துபோகும் என்பது எங்களுக்குத் தெரியும். கேட்டுக்குத் தெரியாது.

அப்படி நின்ற ஒரு காலையில், என் கால் சும்மா இருக்காமல் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அந்தத் தட்டுக்கு ஏற்றாற்போல வாயில் வரிகள் வந்தன.

கொண்டைய அவுத்துப் பாத்தாச்சு
குவளையக் கவுத்துப் பாத்தாச்சு
கொதிக்கிற பசிய ஒளிச்சு வச்சேன் – அத
கூப்புட்டுப் பாரு, வருதான்னு

முன்னால் நின்றவள் சிரித்தாள். பின்னால் நின்றவள் கடைசி வரியைத் திருப்பிச் சொன்னாள். சோதனை போட்டவள்கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதுவரை நான் பாடியதெல்லாம் யாரோ எப்போதோ கட்டியவை. இது என்னுடையது. அன்றைக்கு மரத்துக்கு மரம் ஓடி வெட்டும்போது பாட்டும் கூடவே ஓடி வந்தது. மறுநாள் வரிசையில் எனக்கு முன்பே யாரோ அதைத் தொடங்கியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கழித்து, கரங்கான் பக்கத்தில் இருந்த ஒரு தோட்டத்தில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. போலீஸ் பெர்மிட் எடுத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். பந்தலுக்குப் பின்னால் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். என் பாட்டு. நான் போக முடியாத இடத்துக்கு அது எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. சந்தோஷத்தில் நானும் கூடச் சேர்ந்து பாட வாயெடுத்தேன். அப்போது அவர்கள் எனக்குத் தெரியாத ஓர் அடியைப் பாடினார்கள்.

மடியத் தடவிப் பாத்தாச்சு
மாராப்ப உதறிப் பாத்தாச்சு
செத்த புருசன் நெனப்ப வச்சேன் – அதச்
சேத்துப் புடுங்கிப் போவியா

"இது யாரு கட்டுனது?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா? கூலிம் பக்கத்துலேருந்து வந்துச்சு" என்றாள் ஒருத்தி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எந்தத் தோட்டத்துப் பெண், அவள் புருஷன் எப்படிச் செத்தான், யார் கையால் செத்தான், ஒன்றும் தெரியவில்லை. அந்த அடி என்னுடைய அடியைவிட நன்றாக இருந்தது. அந்தப் பெண்ணைத் தேடிப் போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பெர்மிட்டோ மறுநாள் காலையோடு முடிந்தது. ஊர் திரும்பிவிட்டேன்.

பாடாங் செராயில் தமிழ் முஸ்லிம் குடும்பம் ஒன்று சாப்பாட்டுக் கடை வைத்திருந்தது. அந்த வீட்டில் ஒருவருக்குக் கடையில் மனசு நிற்காது. வாலிப வயதில் மலாய்க்காரர்களின் ஜோகெட் ஆட்டக் குழுவோடு சேர்ந்து ஊர் ஊராக அக்கார்டியன் பெட்டி வாசித்தவர். அவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். சம்பள வாரத்தில் சாமான் வாங்கப் போகும்போது அந்தக் கடையில் தேத்தண்ணீர் குடிப்போம். ஒருநாள் அவர் கல்லாவில் இருந்தபடியே என்னைக் கேட்டார்.

"அந்த வேலிக் கேட்டுப் பாட்டு ஒன்னோடதாமே தங்கச்சி?"

"பாதி என்னோடது பாய்."

"பாடு பாப்போம்."

கடையில் ஆள் இருந்தது. மெதுவாகப் பாடினேன். அவர் உள்ளே போய் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். என் தெம்மாங்கை அப்படியே எடுத்து, அதற்கு அடியில் ஜோகெட் தாளத்தை ஓடவிட்டார். அழுகிற பாட்டுக்கு இடுப்பு வந்துவிட்டது. மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "இது என்ன கூத்து, நம்ம பாட்டா மலாய்க்காரன் பாட்டா?" என்று முகம் சுளித்தார்.

"ரெண்டும்தான்லா. காது என்னா பாஸ்போர்ட்டா கேக்குது?" என்றார் பாய்.

அதுவரை கால்நடையாகப் போன பாட்டு இப்போது வண்டி ஏறிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அதன் பிறகு எப்போது பாடாங் செராய் போனாலும் ஒரு புதுப் பாட்டோடு போவேன். அவர் கடையின் பின்கட்டில் வைத்து அதற்கு வாசிப்பார்.

பாட்டு எட்டக் கூடாத காதுகளையும் எட்டியது. ஒருநாள் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார். என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. அந்த நாட்களில் ஒரு வார்த்தைக்காக ஆட்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், கப்பலேற்றி ஊருக்கும் அனுப்பினார்கள். நான் இந்த மண்ணில் பிறந்தவள். ஊர் என்று அவர்கள் சொன்ன இந்தியாவை நான் பார்த்ததுகூட இல்லை.

ஆபீசில் கிராணியோடு ஒரு தமிழ் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அரசாங்கத்தின் பிரசார வண்டி அவர் பொறுப்பில் இருந்தது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டி, ஒலிபெருக்கியில் காட்டில் இருப்பவர்களைச் சரணடையச் சொல்கிற வண்டி. அவர் கேட்டுப் பாட்டைப் பாடச் சொன்னார். பாடினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "குரல் தூரத்துக்குப் போகுது" என்றார். "இந்தப் பாட்ட இனிமே பாடக் கூடாது. எங்க வண்டியில வந்து பாடுறியா? வார்த்தை நாங்க எழுதித் தருவோம்."

நான் யோசிக்கவே இல்லை. "வண்டி எங்கெல்லாம் போவுங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "கெடா முழுக்கப் போவும்மா."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காட்டுல இருக்கவன் ஒன்னைத் துரோகிம்பான். அது வேணுமா?" என்றார்.

"உள்ள இருந்தா நான் பைத்தியமாப் போயிருவேன். அது வேணுமா?"

மறுவாரம் கிளம்பினேன். பாயையும் வாசிக்கச் சேர்த்துக்கொண்டார்கள். வண்டியின் முன்னும் பின்னும் காவல் ஜீப் வரும். ஜன்னல் வழியே மரங்கள் ஓடுவதைப் பார்க்கும்போது நெஞ்சு லேசாகும். வண்டி நின்றதும் பழையபடி கனத்துவிடும். அவர்கள் எழுதித் தந்த வரிகளில் எலும்பு மட்டும்தான் இருந்தது. 'அரசாங்கம் மன்னிக்கும், அன்புடன் வரவேற்கும்' என்ற மாதிரி. பாய் எவ்வளவு குலுக்கி வாசித்தாலும் அதற்கு உயிர் வரவில்லை. ஜனங்கள் படம் எப்போது போடுவார்கள் என்று காத்திருப்பார்கள். நான் பாடி முடிப்பதற்குள் பிள்ளைகள் திரையின் பின்பக்கம் போய் இடம் பிடித்துவிடுவார்கள்.

கரங்கானைத் தாண்டி ஒரு தோட்டம். பொழுது சாயும் நேரம். நான் பாடி இறங்கியதும் ஓர் அம்மா நேரே என்னிடம் வந்தாள். மெலிந்த உடம்பு, வெற்றிலைக் கறை படிந்த பல். அவள் மகன் காட்டில் இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்று பின்னால் அறிந்தேன். அப்போது எனக்குத் தெரியாது.

"ஏம்மா, ஒம் பாட்டக் கேட்டு அவன் வந்தா, சுட மாட்டாங்கன்னு நீ சொல்றியா?"

"அப்படித்தாங்க எழுதியிருக்கு."

"எழுதுனவன் பேச்ச வுடு. நீ சொல்லு."

எனக்கு என்ன தெரியும்? அவள் போகவும் இல்லை, திட்டவும் இல்லை. எதிரிலேயே நின்றாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான்தான் கேட்டேன். "நீங்க கூப்புடுறதா இருந்தா என்னா சொல்லிக் கூப்புடுவீங்க?"

அவள் யோசித்தாள். "என்னாத்தச் சொல்ல? இங்க கொண்டாந்து வச்சதுலேருந்து அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகுது. ஏணியப் புடிக்க ஆள் இல்ல. நானே ஏறி, நானே எறங்குறேன். என்னைக்கு வுழப் போறனோ."

திரும்பும்போது வண்டியில் பாய் என் காலைப் பார்த்தார். அது வண்டித் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. "வந்துருச்சா தங்கச்சி?" என்றார். வந்திருந்தது.

கூரை ஒழுகுது கண்ணு – இங்க
ஏணியப் புடிக்க ஆளில்ல
மேல ஏறி நிக்குறேன் – நீ
கீழ வந்து நில்லு

அடுத்த தோட்டத்தில், எழுதித் தந்த பாட்டுக்குப் பதில் இதைப் பாடினேன். அதிகாரிக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பாய்க்கு மட்டும் சொன்னேன். அவர் அக்கார்டியனை முதல்முறையாக மெதுவாக இழுத்தார். பிறகு அவரால் முடியவில்லை, ஜோகெட் தாளம் வந்து ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் திரைப்பக்கம் ஓடவில்லை. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மலையோரம் வரை ஒலிபெருக்கிச் சத்தம் போய் மோதித் திரும்பியது.

இறங்கியதும் அதிகாரி கேட்டார். "இதுல அரசாங்கம் எங்கம்மா இருக்கு? மன்னிப்பு எங்க இருக்கு?"

"கூப்புடத்தானேங்க சொன்னீங்க. கூப்புட்டேன்."

அவர் கோபப்படப் பார்த்தார். கூட்டம் இன்னும் கலையாமல் நிற்பதைப் பார்த்தார். கையில் இருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எனக்கு வரி எழுதித் தரவில்லை. கரங்கான் பக்கம் போகும்போதெல்லாம் ஏணிப் பாட்டுத்தான்.

அந்த வருட மழைக்காலத்தில் அந்த அம்மாவின் மகன் கையைத் தூக்கிக்கொண்டு காட்டிலிருந்து வெளியே வந்தான். சுடவில்லை. கொண்டுபோய் விசாரித்தார்கள், கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள், அப்புறம் விட்டார்கள். ஏணிப் பாட்டுக்கு அவன் இறங்கி வந்தான் என்று தோட்டமெல்லாம் பேசினார்கள். அதிகாரி மேலிடத்துக்கும் அப்படியே எழுதியிருப்பார். எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. அது நிஜம்தானா என்று தெரிந்தாக வேண்டும். அவன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் பாயைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"எம் பாட்டக் கேட்டியா தம்பி?"

அவன் அம்மாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பொய் சொல்லலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"வார்த்தை ஒண்ணும் வெளங்கலக்கா. மலைக்கு அந்தப் பக்கம் இருந்தோம். காத்துல பொட்டிச் சத்தம் மட்டும் வந்துச்சு. எங்கயோ கல்யாண வீடுன்னு நெனச்சேன். கல்யாண வீடுன்னதும் சோறு, சாம்பாரு, பாயாசம்னு நெனப்பு வந்துருச்சு. அப்புறம் பசி தாங்கல."

பாய் முதலில் சிரித்தார். அந்த அம்மா சிரித்தாள். கடைசியில் அவனும் சிரித்தான். "பாத்தியா தங்கச்சி, ஒன் பாட்டு இல்ல, என் பொட்டிதான்" என்று பாய் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் கொஞ்சம் வலித்தது. அதைவிட அதிகமாக ஒரு பாரம் இறங்கியது. ஓர் உயிரை வரவழைத்தேன் என்கிற பெருமையும் எனக்கு வேண்டாம், அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் வந்திருக்கும் பழியும் வேண்டாம். அந்த வாரமே வண்டியை விட்டு விலகிவிட்டேன்.

ஆனால் கால் விடுமா? பாயும் நானும் ஒரு மிருதங்கக்காரரைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகக் குழு தொடங்கினோம். என் வீட்டுக்காரர் எதுவும் சொல்லாமல் சுங்கைப் பட்டாணி போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார்.

"நீ நிக்கப் போறதில்ல. நானாவது ஓட்டுறேன். அப்பத்தான் ஒன்னையப் பாக்க முடியும்" என்றார்.

அவர் எனக்குச் சொன்ன அன்பான வார்த்தை என்றால் இதுதான். அதன் பிறகு, பெர்மிட் எடுத்துக்கொண்டு, பழைய லோரி ஒன்றில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, பாயும் மிருதங்கக்காரரும் பின்னால் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு வர, கெடாவில் நாங்கள் போகாத திருவிழா இல்லை. லோரி ஓடும்போதுதான் எனக்குப் பாட்டு வரும். வரி வந்ததும் நான் பாட, கியர் மாற்றும் சத்தத்துக்கு நடுவே அவர், "ரெண்டாவது வரி சரியில்ல" என்பார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருக்கும்.

அவசரகாலம் முடிந்தது. வேலிக் கம்பியைச் சுருட்டி எடுத்துப்போனார்கள். மிஞ்சியதில் லயத்துப் பெண்கள் துணி காயப்போட்டார்கள். வானொலிக்காரர்கள் கூப்பிட்டார்கள். முதல் நாள் மைக்குக்கு முன்னால் நான் ஆடி ஆடிப் பாடியதில் குரல் வந்து வந்து போனதாம். தொழில்நுட்ப ஆள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்து, சுண்ணாம்புக்கட்டியால் என் காலைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுப் போனார். "இதுக்குள்ளயே நில்லுங்க அக்கா." எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. முடிந்த வரை நின்றேன். கேட்டுப் பாட்டை அவர்கள் ஒருநாளும் ஒலிபரப்பவில்லை. எனக்கும் அது முழுக்க என்னுடையதாகத் தோன்றாததால் நான் வற்புறுத்தவில்லை. கூலிம் பக்கம் போகும்போதெல்லாம் அந்த இரண்டாம் அடியைக் கட்டியவளைப் பற்றி விசாரித்திருக்கிறேன். யாருக்கும் தெரியவில்லை.

ஏணிப் பாட்டு இசைத்தட்டாக வந்தபோது மேலே 'நாட்டுப்பாடல்' என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். நான் கம்பெனிக்காரரிடம் போனேன்.

"நாட்டுப்பாட்டு மாதிரிதானேம்மா இருக்கு" என்றார் அவர்.

"இருக்கட்டும். கட்டுனவ உயிரோட உங்க முன்னாடி நிக்கிறேன்."

அடுத்த அச்சில் என் பெயர் வந்தது. பாயின் பெயரையும் போட வைத்தேன். அதற்குள் ஜனங்கள் அதைக் காதல் பாட்டாக்கிவிட்டிருந்தார்கள். பொண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கல்யாணம் அதைக் கேட்டார்கள். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. காட்டில் இருந்தவனே அதைக் கல்யாண வீடு என்றுதானே எடுத்துக்கொண்டான்.

முதலில் மிருதங்கக்காரர் போய்ச் சேர்ந்தார். பிறகு பாயின் விரல்கள் மடங்காமல் போயின. அக்கார்டியன் இருந்த இடத்துக்குக் கிடாரும் எலெக்ட்ரிக் ஆர்கனும் வந்தன. வாசித்த பையன்கள் என்னை அம்மா என்று கூப்பிட்டார்கள். தாளம் வேகமானது. நானும் வேகமானேன். என் வீட்டுக்காரர் கண் மங்கும் வரை ஓட்டினார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டுகிறவனுக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார். அவர் போன பிறகு ஒரு வருடம் நான் ஒரு வரியும் எழுதவில்லை. வண்டி ஓடினால் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிறகு பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். பஸ்ஸில் யாரும் 'ரெண்டாவது வரி சரியில்ல' என்று சொல்லாததால், நானே இரண்டு தடவை பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இப்போது அலோர் ஸ்டாரில், மெர்கோங்கில் மகள் வீட்டில் இருக்கிறேன். மேல் ஸ்தாயி போய்விட்டது. கீழே இருப்பதை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பாடுவதற்காக எழுதுகிறேன். மேடை ஏறி நாளாயிற்று. பாடக் கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று மகள் சொல்லிவிடுகிறாள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வரிசை வீடுகளில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள். ஏர்கண்டிஷன் பெட்டிகள் மட்டும் வெளியே நின்று முணுமுணுக்கின்றன. அதைப் பற்றி ஒரு பாட்டு வரும்போல இருக்கிறது. முதல் வரி கிடைத்துவிட்டது. நேற்று அதைச் சொல்லிக்கொண்டே ஹாலில் நடந்ததைப் பார்த்துவிட்டு மகள், "ஒக்காரேன்மா" என்றாள். அலோர் ஸ்டார் பஸ் நிலையம் வரை போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அடுத்த வரி வழியில் வரலாம், வராமலும் இருக்கலாம்.